கோடியக்கரையில் நான் வாங்கிய முட்டை!

‘‘மூணு நாள் ஓ.டி. கிடைக்கும்... வர்றியா?’’

ஒரு இன்ஜினீயரிங் மாணவனைக் காட்டுக்குள்ள தள்ள இந்த ஒரு வரி போதாதா பாஸ்? எதுக்கு, எங்கே, யார் கூப்பிடறாங்கன்னு ஒரு கேள்வியும் கேட்காமல் தலையாட்டிவிட்டேன். அதுக்கப்புறம்தான் ரூம்மேட் மெதுவாக மேட்டரை அவிழ்த்தான். கோடியக்கரையில் வெளிமான் கணக்கெடுப்பு. தன்னார்வலர்கள் வேணுமாம். காலை நாலரைக்கு எந்திரிக்கணும். பாடி ஸ்பிரே அடிக்கக் கூடாது. பளிச் கலரில் சட்டை போடக் கூடாது. முக்கியமா, வாயைத் திறக்கக் கூடாது.

‘அடப்பாவி, இதுக்கு தெர்மோடைனமிக்ஸ் வகுப்பே பரவாயில்லையேடா!’ என்று கத்துவதற்குள் ஃபார்மில் ஹெச்.ஓ.டி. கையெழுத்து விழுந்துவிட்டது. கையெழுத்துப் போடும்போது அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். ‘‘திரும்பி வந்ததும் எத்தனை மான் பார்த்தேன்னு வந்து சொல்லணும்.’’

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்றேன். அதுவரைக்கும் என்கூட வாங்க.

திருச்சியில் ஏறி, தஞ்சாவூரில் மாறி, திருத்துறைப்பூண்டியில் மாறி, வேதாரண்யத்தில் மறுபடி மாறி... முதுகெலும்பு கழன்றுவிடும் போலிருந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே உப்பளங்கள் வந்தன. ரெண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், நடுநடுவே வெள்ளை வெளேரென்று குவியல். 1930-ல ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பு அள்ளினது இந்த மண்ணில்தான். நாங்கள் பஸ்ஸில் வந்ததற்கே புலம்பிக்கொண்டு இருந்தோம்.

அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு எல்லாம் தாண்டி பஸ் நிற்கிற கடைசி ஊர் கோடியக்கரை. தமிழ்நாட்டு மேப்பை எடுத்துப் பாருங்க. நாகப்பட்டினத்துக்குக் கீழே, கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு முனை இருக்கும். அந்த மூக்கு நுனிதான். ‘பூங்குழலி ஊர்டா!’ என்று ரூம்மேட் படகு தேட ஆரம்பித்தான். எங்களை வரவேற்றது பூங்குழலி அல்ல. காக்கி சட்டையும் ரப்பர் செருப்புமாக ஒரு வாட்சர் அண்ணன். வயது ஐம்பதுக்கு மேல. ‘‘வாங்க தம்பி, நேரத்தோட சாப்ட்டுட்டுப் படுங்க. நாளைக்கு இருட்டோட கெளம்பணும்’’ என்றார். நேரம் சாயந்தரம் ஆறே முக்கால். ஹாஸ்டலில் அப்போதுதான் எங்களுக்குப் பொழுதே விடியும்!

படுப்பதற்கு முன்னால ஒரு கிளாஸ் இருந்தது. எடுத்தவர், வனவிலங்கு உயிரியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிற ஒரு அக்கா. அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே பாதிப் பேர் அவுட். ‘‘புள்ளிமானுக்கும் வெளிமானுக்கும் என்ன வித்தியாசம்?’’

‘‘ஒண்ணுக்குப் புள்ளி இருக்கும், இன்னொண்ணுக்கு இருக்காது’’ என்று நான் சொன்னேன். சிரிக்காதீங்க, உங்களுக்கும் இதுதானே தோணுச்சு?

மேட்டர் கொம்பில் இருக்கிறது. புள்ளிமானின் கொம்பு கிளை கிளையாகப் பிரியும். உதிரும், மறுபடி முளைக்கும். வெளிமானின் கொம்பு கிளைக்காது, உதிராது. கார்க் ஸ்குரூ மாதிரி திருகித் திருகி மேலே போய்க்கொண்டே இருக்கும். அதனால திருகுமான் என்றும் ஒரு பேர். தமிழில் ரெண்டையும் ‘மான்’ என்று ஒரே டப்பாவில் போட்டாலும், உயிரியல் கணக்கில் புள்ளிமானைவிட ஆடும் மாடும்தான் வெளிமானுக்குக் கிட்டத்துச் சொந்தம். சங்கப் பாட்டில் வருகிற ‘இரலை’ இதுதான் என்கிறார்கள்.

வெளிமான் என்ற பேரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்க. வெளியில் வாழ்கிற மான். வெட்டவெளி, புல்வெளி. புலி, சிறுத்தைக்குப் பயந்து புதருக்குள் ஒளிகிற ஆள் இல்லை இது. தூரத்தில் வருகிற ஆபத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், பார்த்ததும் எடுக்கணும் ஓட்டம். அதுதான் இதன் பிழைப்பு. மணிக்கு 80 கிலோமீட்டர் வரை ஓடுமாம். இந்தியாவில் ஒரு காலத்தில் இதைத் துரத்திக்கொண்டிருந்தது சிவிங்கிப்புலி. அது 1952-ல் நாட்டிலேயே இல்லை என்று அறிவிக்கப்பட்டு, 2022-ல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து மத்தியப் பிரதேசத்தில் இறங்கியிருக்கிறது. துரத்த ஆள் இல்லாத எழுபது வருஷமும் இது மட்டும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

1970-களில் நாடு முழுக்க இருபதாயிரத்துச் சொச்சமாகச் சரிந்துபோன இனம் இது. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில் தூக்கி வைத்தது. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. 2000 வாக்கில் ஐம்பதாயிரத்தை எட்டியதாகக் கணக்கு. 2017-ல் உலகப் பட்டியலில் இதை ‘அதிகக் கவலை இல்லை’ என்ற கட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். ‘அப்புறம் எதுக்குக்கா எண்ணணும்?’ என்று ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்விதானே?

அக்கா சாக்பீஸை எடுத்து கோடியக்கரை மூக்கை வரைந்தார். கிழக்கே கடல், தெற்கே கடல், மேற்கே சதுப்பும் உப்பளமும், வடக்கே ஊர். ‘‘நாட்டுல ஐம்பதாயிரம் இருக்கட்டும். இந்தக் கட்டத்துக்குள்ள இருக்கிறதுக்கு வேற போக்கிடம் கிடையாது. தமிழ்நாட்டுல இது இருக்கிற இடத்தை விரல்விட்டு எண்ணிடலாம். இங்க, வல்லநாடு, கிண்டி, சத்தியமங்கலம் மாயாறு பக்கம்... ஒண்ணுக்கொண்ணு போக வழியே இல்லை. இங்க புல்லு போச்சுன்னா எல்லாம் போச்சு’’ என்றார். 1967-ல் இந்தச் சரணாலயத்தை அறிவித்ததே முக்கியமாக வெளிமானுக்காகத்தான். 2002-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பூநாரை பார்க்க வருகிற கூட்டம் வேறு. வீட்டுக்காரரை மறந்துட்டு விருந்தாளியோட செல்ஃபி எடுக்கிற கதைதான்.

இப்போ கொஞ்சம் கணக்கு. ஓடிராதீங்க, இதுதான் எனக்குப் பிடிச்ச ஏரியா!

மானை எண்ணுவது என்றால் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று விரல் நீட்டுவது என நினைத்திருந்தேன். அவை நின்றால்தானே? ஓடும், திரும்பும், புதருக்குப் பின்னால நிற்கும், நமக்குத் தெரியாமலே போகும். அதனால காட்டில் நேர்கோடுகள் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ரெண்டு கிலோமீட்டர். ஒரு கோட்டுக்கு மூணு பேர். ஒருத்தர் பார்க்க, ஒருத்தர் எழுத, வழி தெரிந்த வாட்சர் ஒருத்தர். கோட்டைவிட்டு விலகாமல், ஆமை வேகத்தில் நடக்கணும். கூட்டம் கண்ணில் பட்டால் எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை குட்டி என்று எழுதணும். லேசர் கருவியில் தூரம், காம்பஸில் திசை.

பள்ளிக்கூடத்தில் படித்த சைன், காஸ் எல்லாம் எதுக்குன்னு கேட்டிருப்பீங்கல்ல? இதுக்குத்தான். கோடு போகிற திசை 40 டிகிரி, மான் நிற்கிற திசை 75 டிகிரி என்று வைங்க. வித்தியாசம் 35. தூரம் 150 மீட்டர். 150-ஐ சைன் 35-ஆல் பெருக்கினால் 86. அதாவது, கோட்டிலிருந்து அந்த மான் 86 மீட்டர் விலகி நிற்கிறது.

இந்த விலகலை எல்லாக் கூட்டத்துக்கும் எடுத்து ஒரு கிராஃப் போட்டால், கோட்டுக்குப் பக்கத்தில் நிறையவும், தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் விழும். மான்கள் நம் கோட்டைப் பார்த்து நிற்பதில்லை. பக்கத்திலும் தூரத்திலும் ஒரே மாதிரிதான் பரவியிருக்கும். அப்படியென்றால் தூரத்தில் குறைகிறதே, அது நாம் கோட்டைவிட்ட மான்கள்! கிராஃப் எவ்வளவு வேகமாகச் சரிகிறதோ, அவ்வளவு மானை நாம் பார்க்காமல் விட்டிருக்கிறோம். பார்த்ததை வைத்துக்கொண்டு, பார்க்காததையும் கணக்குப் போடுகிற வித்தை. நாலு செமஸ்டரில் எந்த பேப்பரும் என்னை இப்படி நிமிர்ந்து உட்கார வைத்ததில்லை என்று சத்தியம் பண்ணத் தயார்.

ஒரே கண்டிஷன். கோட்டின் மேலேயே இருக்கிற எதையும் விடக் கூடாது. அளக்கிற எண்ணில் பொய் கூடாது. எண்ணிக்கையை நாமாகக் கூட்டக் கூடாது.

முதல் நாள் காலை. பனி இறங்கி, புல்வெளி முழுக்க வெள்ளைத் துணி விரித்த மாதிரி இருந்தது. கடல் கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. அண்ணன் முன்னால், நான் நடுவில், ரூம்மேட் பேடும் பேனாவுமாகப் பின்னால். பத்து நிமிஷம்கூட நடந்திருக்க மாட்டோம். அண்ணன் கையைப் பின்னால் நீட்டி ‘நில்லு’ என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பனிக்குள் கறுப்பாக ஒரு கட்டை மாதிரி... அந்தக் கட்டை தலையைத் திருப்பியது.

சொல்றேன் கேளுங்க, போட்டோவில் பார்ப்பது வேஸ்ட். முதுகு கன்னங்கரேல். வயிறு பால் வெள்ளை. கண்ணைச் சுற்றி யாரோ சுண்ணாம்பால் வட்டம் போட்ட மாதிரி. அதற்கு மேலே அந்தக் கொம்பு ரெண்டும் ‘வி’ வடிவத்தில் திருகிக்கொண்டு ஏறுகிறது. தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கை மேலே தூக்கிக்கொண்டு, ஒரு நடை நடந்தது பாருங்க. காலேஜ் கல்ச்சுரல்ஸ் மேடையில்கூட அப்படி ஒரு என்ட்ரி நான் பார்த்ததில்லை. அதற்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் பெண்மான்கள், கொம்பில்லாமல். நடுவில் ஒரு குட்டி. பிறந்து ரொம்ப நாள் ஆகியிருக்காது.

ரூம்மேட் தும்மினான்.

அவ்வளவுதான். முதலில் ஒரு பெண்மான் நாலு காலும் தரையில் படாமல் செங்குத்தாக எகிறியது. அடுத்தது, அதற்கடுத்தது... கூட்டம் முழுக்க ஸ்பிரிங் வைத்த மாதிரி குதித்துக் குதித்துப் பனிக்குள் கரைந்துபோனது. சத்தமே இல்லை. அண்ணன் ரூம்மேட்டைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கே, அதையும் டேட்டா ஷீட்டில் எழுதியிருக்கலாம்.

அன்று எங்கள் கோட்டில் ஒன்பது கூட்டம். கேம்ப்பிலேயே எங்கள் ஷீட்டுதான் டாப். மத்தியானம் சாப்பிடும்போது மற்ற டீமிடம் செம சீன் போட்டேன். சாயந்தரம் அக்கா கூப்பிட்டார்.

‘‘கோட்டோட திசை என்ன?’’

‘‘40 டிகிரிக்கா.’’

‘‘நீ ஒவ்வொரு இடத்துலயும் கோட்டோட திசையையும் எழுதியிருக்கே. 40, 52, 31, 47... கோடு என்ன பாம்பா?’’

எனக்குப் புரியவில்லை. அக்கா என் சட்டைப் பையைப் பார்த்தார். உள்ளே செல்போன். காம்பஸை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துதான் நான் ரீடிங் எடுத்தேன். செல்போனுக்குள் ஸ்பீக்கர். ஸ்பீக்கருக்குள் காந்தம். போதாக்குறைக்கு வலது கையில் ஸ்டைலுக்குப் போட்ட இரும்புக் காப்பு வேறு!

‘‘என்ன டிபார்ட்மென்ட் தம்பி நீ?’’

‘‘ஈ.சி.ஈ.... தேர்ட் இயர்.’’

சுற்றி இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு கோடியக்கரை கலங்கரை விளக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். ஒன்பது கூட்டம் இருந்த ஷீட்டின் குறுக்கே அக்கா ஒரு கோடு போட்டார். கோணம் தப்பென்றால் விலகல் தப்பு. விலகல் தப்பென்றால் கிராஃபே தப்பு. அந்தக் குட்டியும் அந்த கறுப்பு ஹீரோவும் கணக்கிலேயே இல்லை. எனக்கு நிஜமாவே தொண்டை அடைத்தது.

ராத்திரி தூக்கம் வராமல் வெளியே வந்தேன். அண்ணன் கட்டையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ‘‘போனாப் போவுது தம்பி, நாளைக்கு எண்ணிக்கலாம். கஜா அன்னிக்கு நாங்க எண்ணுனத நீ எண்ணல’’ என்றார்.

கஜா உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். 2018 நவம்பர் 16, விடியறதுக்கு முன்னால வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் கரையைக் கடந்த புயல். டெல்டாக்காரர்களுக்கு அது தென்னை போன கதை. வீடு போன கதை. இங்கே அது மான் போன கதையும்கூட. ‘‘காத்து நின்னதும் உள்ள போனோம். எங்க தாத்தா காலத்துப் பாலை மரமெல்லாம் மட்டமாக் கெடக்குது. வழியே தெரியல. வெட்டிக்கிட்டே போனா, அஞ்ச ஒண்ணு இஞ்ச ஒண்ணா மானுவொ செத்துக் கெடக்கு. குதிரைங்களும் கெடக்கு. கரையோரமா ஒதுங்குனது வேற. ஒவ்வொண்ணா எண்ணி நோட்டுல எழுதணும். அதுவும் கணக்கெடுப்புதான் தம்பி’’ என்றார். பீடியைத் தரையில் அழுத்தி அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஓடித் தப்பிக்கப் பிறந்த மிருகம். மூணு பக்கமும் தண்ணீர் இருந்தால் எங்கே ஓடும்?

ரெண்டாம் நாள் எங்களுக்கு வேறு கோடு. செல்போன் ரூமில், காப்பு பையில். நான் ஒரு வெறியோடு கிளம்பினேன். போன ஒன்பதையும் வட்டியோடு பிடித்துவிடணும்.

முதல் இருநூறு மீட்டர் புல். அப்புறம் சீமைக்கருவேலம் ஆரம்பித்தது. உங்கள் ஊர்க் கண்மாயில், ரயில்வே டிராக் ஓரத்தில் பார்த்திருப்பீங்களே, அதே முள்தான். 19-ம் நூற்றாண்டில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, விறகுக்கு ஆகும் என்று பரப்பின மரம். இங்கே அது ஆள் உயரத்துக்குப் பின்னிக்கொண்டு நிற்கிறது. வெட்டிப் போட்ட பாதை மட்டும்தான். பக்கத்தில் பத்து மீட்டர் தாண்டி எதுவும் தெரியாது. அடியில் புல் என்று பேருக்குக்கூட இல்லை. காய்ந்த இலையும் முள்ளும்தான். ரெண்டு கிலோமீட்டரை முடிக்க ரெண்டு மணி நேரம் ஆனது. ரெண்டு கையிலும் கீறல். வழியில் நாலு குதிரைகள் நின்றன. ஒரு காலத்தில் யாரோ வளர்த்து, அவிழ்த்துவிட்டு, காட்டுக் குதிரையாகவே மாறிப்போன வம்சம். எங்களைப் பார்த்து ஒதுங்கக்கூட இல்லை.

வெளிமான்? ஒன்றுகூட இல்லை. ஷீட்டில் முட்டை.

திரும்பி வருகிற வழியில், கோடு முடிந்து ரொம்ப தூரம் தள்ளி, திறந்த புல்லில் ஆறு வெளிமான்கள் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தன. ரூம்மேட் என் காதருகே வந்தான். ‘‘மச்சி, இந்த ஆறை அந்த ஷீட்டுல எழுதிடுவோம். ஆரம்பத்துல இருந்த புல்லுல பார்த்ததா வெச்சுக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது? நேத்து வேற அசிங்கப்பட்டோம்.’’

நான் பேனாவை எடுத்தேன். உண்மையைச் சொல்லிடறேன், எழுதியே இருப்பேன். லேப் எக்ஸ்பெரிமென்ட்டில் ரீடிங் வரலைன்னா நாம் என்ன செய்வோம்? சீனியர் ரெக்கார்டைப் பார்த்து விடையிலிருந்து பின்னாடி வந்து ரீடிங் போடுவோம். நாலு செமஸ்டராக அதைத்தானே செய்திருக்கிறேன்! அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. எங்களைப் பார்க்கவும் இல்லை. குனிந்து காலில் ஏறின முள்ளைப் பிடுங்கிக்கொண்டு, ‘‘நான் வேலைக்குச் சேந்தப்ப இந்த லைனு பூரா வெளிதான் தம்பி. சைக்கிள்லயே வருவோம்’’ என்றார்.

பேனாவை மூடினேன். எப்படியும் அக்கா கண்டுபிடித்திருப்பார் என்பது வேறு விஷயம்!

முட்டையை நீட்டியபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா ஷீட்டை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். ‘‘பார்வை எவ்வளவு தூரம் தெரிஞ்சுது?’’ என்றார். ‘‘பத்து, பதினஞ்சு மீட்டர்.’’ ‘‘அப்ப இருந்தும் நீ பார்க்காம விட்டிருக்கலாம்ல? அதனால நாளைக்கு அதே கோட்டுக்குப் போற. மானை எண்ண இல்லை, அது இருந்த அடையாளத்தை எண்ண. இந்த ஷீட்டு எனக்கு முக்கியம். பத்திரமா எழுதிட்டு வா.’’

என் லைஃபில் முட்டை வாங்கி ‘முக்கியம்’ என்று ஒருத்தர் சொன்னது இதுதான் ஃபர்ஸ்ட் டைம்.

மூணாம் நாள் வேலை ரொம்ப போர் அடிக்கும் என்று பயந்தேன். கோட்டில் குறிப்பிட்ட இடைவெளியில் நிற்கணும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டத்தைத் தரையில் போட்டு, அதற்குள் எத்தனை சதவீதம் புல், எத்தனை சதவீதம் வெறும் தரை, புல் எவ்வளவு உயரம் என்று எழுதணும். சுற்றிப் பத்து மீட்டருக்குள் எத்தனை மரம், எத்தனை புதர், அதில் எத்தனை கருவேலம். அப்புறம் மண்டி போட்டு, புழுக்கை எண்ணணும். ஆமாங்க, புழுக்கைதான்! ‘பி.இ. படிச்சுட்டு என்ன பண்றே’ன்னு கேட்கிற சொந்தக்காரர்களுக்கு இந்தப் பத்தியைக் காட்டிராதீங்க.

கருவேலக் காட்டுக்குள் குதிரைச் சாணம் கிடந்தது. புள்ளிமான் புழுக்கை கொஞ்சம். வெளிமானுடையது ஒன்றும் இல்லை. அதாவது, நேற்றைய முட்டை என் கண் செய்த தப்பு இல்லை. நிஜமான முட்டை.

காட்டைவிட்டு வெளியே, புல்வெளி தொடங்குகிற ஓரத்தில்தான் அது இருந்தது. தரையில் ஒரு பெரிய வட்டமாகப் புழுக்கைக் குவியல். வெளிமான் கிடா தன் ஏரியாவுக்குப் போடுகிற காம்பவுண்ட் சுவர் இது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து போட்டுவிட்டுப் போகும். ‘உள்ளே வராதே’ என்று மற்ற கிடாக்களுக்கு போர்டு. நான் சந்தோஷமாகக் குனிந்தேன். குவியலுக்கு நடுவே குட்டிக் குட்டியாகப் பச்சை. புல் என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தால் இலை ரெண்டு ரெண்டாக, மெல்லிசாக... சீமைக்கருவேலங்கன்று. ஏழு.

அண்ணன்தான் விளக்கினார். புல் காய்ந்துபோகிற மாசங்களில் கருவேலங்காய்தான் கீழே உதிர்ந்து கிடக்கும். மஞ்சளா, இனிப்பா இருக்கும். மான் தின்னும், குதிரை தின்னும், காட்டுப்பன்றி தின்னும். சதை செரித்துவிடும். விதை செரிக்காது. வயிற்றுக்குள் போய் வந்ததில் ஓடு இளகி, எருவோடு சேர்ந்து விழுந்து, சாதாரண விதையைவிட நல்லாவே முளைக்கும். எங்கே விழுகிறது? மான் எங்கே நிற்குமோ அங்கே. மிச்சம் இருக்கிற புல்வெளியில்!

யோசிச்சுப் பாருங்க. பசிக்கிறது என்று தின்கிறது. தின்றதைத் தன் வீட்டு நடுக்கூடத்திலேயே விதைக்கிறது. அது மரமானால் புல் போகும். புல் போனால் இன்னும் காய்தான் தின்ன வேண்டும். எங்க சிக்னல்ஸ் பேப்பரில் இதுக்குப் பேர் பாசிட்டிவ் ஃபீட்பேக். பேரில்தான் பாசிட்டிவ். விட்டுவைத்தால் சர்க்யூட் புகைந்துவிடும்.

குதிரைக்கு இதில் இன்னொரு பங்கு உண்டு. மானுக்கு மேல் வரிசையில் முன்பல் கிடையாது. குதிரைக்கு மேலேயும் கீழேயும் உண்டு. ஆகவே புல்லைத் தரையோடு தரையாக ஷேவ் செய்துவிடும். குதிரை நிற்கிற இடத்தில் வெளிமான் நிம்மதியாக மேய்வதும் இல்லை. புல் அதிகம் இருக்கிற இடத்தில் வெளிமான் அதிகம், கருவேலம் அடர்ந்தால் குறைவு என்று இங்கே நடந்த ஆய்வுகளும் சொல்கின்றன. வனத்துறை கருவேலத்தை வேரோடு பிடுங்கி அகற்றும் வேலையைச் செய்திருக்கிறது. வேரோடு என்பதுதான் கஷ்டமே. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலாகத் துளிர்க்கும். பிடுங்கினாலும் மண்ணுக்குள் விதை தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு தடவை செய்துவிட்டு போட்டோ எடுத்துப் போகிற வேலை இல்லை இது. வருஷா வருஷம் திரும்பி வந்து கன்று பிடுங்கணும்.

‘‘வெளிய மூடிட்டா அப்புறம் வெளிமான் எஞ்ச தம்பி போவும்?’’ என்றார் அண்ணன், ஏதோ தன் வீட்டு வாசலைப் பற்றிச் சொல்வது மாதிரி.

ஏழு கன்றையும் ஷீட்டில் எழுதினோம். எழுதினப்புறம் அண்ணன் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். ரூம்மேட் ரெண்டு, நான் ஒண்ணு. அந்த ஒண்ணுக்கே என் விரலில் ரத்தம். கன்றிலேயே முள் இருக்கிறது!

சாயந்தரம் ராமர் பாதம் போனோம். இந்தக் காட்டிலேயே உயரமான இடம். உயரம் என்றால் மலை என்று நினைச்சுராதீங்க, ஒரு மணல் மேடு. ராமர் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தார் என்பது ஐதீகம். நாங்கள் நின்று கோடியக்கரையைப் பார்த்தோம். ஒரு பக்கம் பாலை மரக் காடு. ஒரு பக்கம் கடல். நடுவே புல்வெளி, மேலே இருந்து பார்த்தால் ஒரு பழைய போர்வை மாதிரி. ஓரமெல்லாம் கருவேலம் கடித்து வைத்திருக்கிறது. அதில் புள்ளி புள்ளியாகக் கறுப்பும் பழுப்பும். நான் எண்ண ஆரம்பித்தேன். ‘‘கணக்கு முடிஞ்சிருச்சு தம்பி, சும்மா பாருங்க’’ என்றார் அண்ணன்.

நீங்களும் போகணும்னா... வேதாரண்யத்திலிருந்து பஸ் இருக்கிறது, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். 2023-லிருந்து திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி ரயிலும் மறுபடி ஓடத் தொடங்கியது. பறவைக்கு என்றால் நவம்பர், டிசம்பர், ஜனவரி. வெளிமானுக்கு அதற்கப்புறம் போங்க. உள்ளே போக வனத்துறை அனுமதி வாங்கணும். மானைத் துரத்தி வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிற ஐடியா இருந்தால் தயவுசெய்து வீட்டிலேயே இருங்க. குட்டியோடு இருக்கிற நேரத்தில் அது ஓடினால், புதரோரம் காத்திருக்கிற நரிக்கும் ஊர் நாய்க்கும்தான் கொண்டாட்டம். காப்பு போட்டுட்டுப் போங்க, பரவாயில்லை. காம்பஸைத் தொடாதீங்க.

காலேஜுக்குத் திரும்பின முதல் நாள். ஓ.டி. சர்ட்டிஃபிகேட்டோடு ஹெச்.ஓ.டி. ரூமில் நின்றேன். கையில் கீறல், மூஞ்சி வெயிலில் கறுத்து.

‘‘எத்தனை மான்ப்பா?’’

‘‘முதல் நாள் ரீடிங் கேன்சல் சார். ரெண்டாவது நாள் சைபர். மூணாவது நாள் புழுக்கை.’’

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். ‘‘கேன்சல் எதுக்கு ஆச்சு?’’

செல்போன், ஸ்பீக்கர், காந்தம் என்று சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார். சிரித்து முடித்து சர்ட்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ‘‘அந்த சைபரை அப்படியே எழுதிட்டியா?’’ என்றார்.

‘‘ஆமா சார்.’’

‘‘சரி, அடுத்த வாரம் லேப் ரெக்கார்டு கொண்டா, பார்க்கலாம்.’’

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் மேஜை மேல் அந்த ரெக்கார்டு நோட்டு திறந்து கிடக்கிறது. ஆறாவது எக்ஸ்பெரிமென்ட்டுக்கு எனக்கு இன்னும் ரீடிங் வரவில்லை. பக்கத்து பெட்டில் சீனியர் ரெக்கார்டோடு ரூம்மேட் உட்கார்ந்திருக்கிறான்.